யார் இந்த இஷிஹாரா? ரயில் சிக்னலுக்கும் ஜப்பான் கண் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?

அரக்கோணம் - ரேணிகுண்டா பாதையில் உள்ள திருத்தணி ஸ்டேஷன் வழியாகப் போகும் ஒவ்வொரு ரயிலும் சிக்னல் நிறத்தை நம்பித்தான் ஓடுகிறது. சிவப்பு என்றால் நிற்க வேண்டும். ஒற்றை மஞ்சள் எரிந்தால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகப் போக வேண்டும். இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் கடக்கத் தயாராக வேண்டும். பச்சை என்றால் தாராளமாகப் போகலாம்.

சரி, சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசமே தெரியாத ஒருவர் இன்ஜினில் இருந்தால்? இதைக் கண்டுபிடிக்க எளிய வழி சொன்னவர்தான் டாக்டர் ஷினோபு இஷிஹாரா.

ராணுவத்தில் தொடங்கிய வேலை

1879-ல் டோக்கியோவில் பிறந்தவர் இஷிஹாரா. 1905-ல் மருத்துவப் படிப்பை முடித்து, ராணுவ டாக்டர் ஆனார். முதலில் பார்த்தது அறுவை சிகிச்சை. பிறகுதான் கண் மருத்துவத்துக்கு மாறினார். ஜெர்மனிக்கும் போய்ப் படித்தார்.

ராணுவத்தில் சேர வருபவர்களில் நிறக்குருடு உள்ளவர்களைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது.

ரயில்வேக்கு இந்தக் கவலை அதற்கு முன்பே இருந்தது. 1875-ல் சுவீடனில் நடந்த லாகர்லுண்டா ரயில் விபத்துக்கு நிறக்குருடு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்த ஹோம்கிரென் என்ற விஞ்ஞானி, கலர் கலரான கம்பளி நூல்களைப் பிரிக்கச் சொல்லி ஊழியர்களைச் சோதித்தார்.

புள்ளிக்குள் ஒளிந்த எண்

நிறக்குருடு உள்ள பலருக்கு அது இருப்பதே தெரியாது. வெளிச்சம் கூடுதல் குறைவை வைத்தே நிறத்தை ஊகித்துச் சமாளித்துவிடுவார்கள். இஷிஹாரா கை வைத்தது இங்கேதான். புள்ளிகளின் அளவையும் வெளிச்சத்தையும் கலைத்துப் போட்டார். நிறம் தெரிந்தால் மட்டுமே உள்ளே இருக்கும் எண் தெரியும்.

முதல் அட்டைகளை வாட்டர் கலரில் அவரே வரைந்தார். அவற்றில் இருந்தவை ஜப்பானிய எழுத்துகள். நிறக்குருடு இருந்த ஒரு டாக்டரே உதவியாளராக இருந்து சோதிக்க உதவினார். 1917-ல் எண்கள் கொண்ட பதிப்பு வெளிவந்தது. உலகமே பயன்படுத்தத் தொடங்கியது.

முதல் அட்டையில் உள்ள 12 எல்லோருக்கும் தெரியும். அடுத்ததில் மற்றவர்களுக்கு 8 தெரியும், சிவப்பு-பச்சை குறைபாடு உள்ளவர்களுக்கோ 3 போலத் தெரியும்!

ஃபீஸ் கேட்காத டாக்டர்

டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர், கடைசிக் காலத்தில் இசு தீபகற்பத்தில் கிராம டாக்டராக வாழ்ந்தார். கட்டணம் என்று எதுவும் கிடையாது, கொடுப்பதை வாங்கிக்கொள்வார். அந்தப் பணத்திலும் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கினார். 1963 ஜனவரியில் காலமானார்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

இந்திய ரயில்வேயில் லோகோ பைலட் பணிக்கான மருத்துவப் பரிசோதனையில் இன்றும் இஷிஹாரா அட்டை உண்டு. ராத்திரியில் தூரத்து சிக்னலில் தெரிவது நிறம் மட்டும்தானே! வருஷக்கணக்கில் படித்து, தேர்வில் பாஸாகி, கடைசியில் இந்த அட்டையில் வேலையை இழப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் குறைபாடு ஆண்களுக்கே அதிகம். பிறவியிலேயே வருவது, கண்ணாடி போட்டாலும் சரியாகாது.

அதனால் விண்ணப்பிக்கும் முன்பே கண் மருத்துவரிடம் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். செல்போன் திரையில் பார்ப்பதை நம்ப வேண்டாம், அதில் நிறம் மாறித் தெரியலாம். குறைபாடு இருந்தாலும் மனம் தளர வேண்டாம். எழுத்தர் போன்ற பணிகளுக்கு ரயில்வேயில் இந்தச் சோதனை தடையில்லை.