4,113 கிலோமீட்டர்

ரெண்டு விமான நிலையத்தோட பேரை போன்ல தட்டினா தூரமும் நேரமும் ஒரு நொடியில வந்துடும். அந்தக் கணக்கை உயிரைப் பணயம் வைத்துப் போட்டவர் அமேலியா ஏர்ஹார்ட்.

1897-ல் அமெரிக்காவின் கான்சாஸில் பிறந்தவர். 23 வயதில் முதல் தடவை விமானத்தில் ஏறினார். அடுத்த வருஷமே ஓட்டக் கத்துக்கிட்டார். 1928-ல் அட்லாண்டிக்கை விமானத்தில் கடந்த முதல் பெண் என்று உலகமே கொண்டாடியது. ஆனா அதுல அவர் வெறும் பயணி. அந்த உறுத்தல் 1932 மே மாதம் தீர்ந்தது. நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து அயர்லாந்து தீவுக்குத் தனியா பறந்தார்: சுமார் 3,260 கிலோமீட்டர், 14 மணி 56 நிமிஷம். போக நினைச்சது பாரிஸ். இறங்கினது ஒரு மேய்ச்சல் நிலம். கவனிங்க, குறி தப்பினாலும் இறங்க இடம் இருந்தது. அயர்லாந்து, தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல பெரிசு.

1937-ல் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். முதல் முயற்சியில் ஹவாயில் ஓடுபாதையிலேயே விமானம் உடைந்தது. மறுபடி ஜூன் 1-ல் மயாமியிலிருந்து, எதிர்த் திசையில். கூட வழிகாட்ட பிரெட் நூனன். கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் எல்லாம் தாண்டி, நியூ கினி தீவில் உள்ள லே ஊருக்கு வந்தப்போ 35,000 கிலோமீட்டர் முடிஞ்சிருந்தது. திசை மாறினதால பயணத்தோட கஷ்டமான பகுதி கடைசிக்குப் போயிடுச்சு.

அதுதான் லே டு ஹவுலண்ட். தூரம் 4,113 கிலோமீட்டர். ஹவுலண்ட், பசிபிக் நடுவில் சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள தட்டைத் தீவு. மரமோ மலையோ தூரத்திலிருந்து தெரியாது. திசை ஒரே ஒரு டிகிரி தவறினா, கடைசியில 72 கிலோமீட்டர் தள்ளிப் போயிடுவோம். நம்ம படாளத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் உள்ள தூரத்தைவிட அது அதிகம்! போதாக்குறைக்கு, அன்றைய வரைபடத்திலேயே அந்தத் தீவு சில மைல் தள்ளி இருந்தது.

நேரக் கணக்கும் சும்மா இல்ல. அவருடைய எலக்ட்ரா விமானம் மணிக்கு 240 கிலோமீட்டர் போகும்னு வைங்க, 17 மணி நேரம். 40 கிலோமீட்டர் வேகத்துல எதிர்க்காற்று அடிச்சா இருபதரை. கையில இருக்கும் பெட்ரோல் மட்டும் கூடாது.

ஜூலை 2 காலை 10 மணிக்கு லேயிலிருந்து கிளம்பினார்கள். தேதிக்கோட்டைத் தாண்டுவதால், ராத்திரி முழுக்கப் பறந்தும் ஹவுலண்டில் விடிவது அதே ஜூலை 2 தான். தீவுப் பக்கம் காத்திருந்த இட்டாஸ்கா கப்பலில் அவர் குரல் ரொம்பத் தெளிவாகக் கேட்டது, அதாவது பக்கத்துலதான் இருந்திருக்கார். கப்பல்காரர்கள் பேசினது அவருக்குக் கேட்கல. கிளம்பி 20 மணி 13 நிமிஷத்தில் கடைசிச் செய்தி.

விமானந்தாங்கிக் கப்பல் வரைக்கும் அனுப்பித் தேடினார்கள். ஒண்ணும் கிடைக்கல. 40-வது பிறந்தநாளுக்கு மூணு வாரம் இருந்தது. 1939 ஜனவரியில் நீதிமன்றம் அவர் இறந்ததாக அறிவித்தது. அவருக்காக ஹவுலண்டில் ஓடுபாதை போட்டு வைத்திருந்தார்கள். பிறகு அங்கே கட்டின கலங்கரை விளக்கத்துக்கு அவர் பேர்.