மலச்சட்டி கழுவிய மருத்துவர்

தம்பி, சென்னை மருத்துவக் கல்லூரியிலே கதர் அங்கி அணிந்து அறுவை அறைக்குள் நுழைந்தான் ஒரு மாணவன். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. விளைவு? முழுப் பட்டம் இல்லை, எல்.எம்.எஸ். என்ற குறைப் பட்டமே கிடைத்தது பீமாவரத்துச் சுப்பாராவுக்கு.

பிறகு பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டிலே வெப்பநாட்டு நோய்ப் படிப்பு. உதவித்தொகை? கிடையாது! பயிற்சி மருத்துவராக நிற்கவோ அவருடைய பட்டம் அங்கே செல்லாது! நோயாளியின் நாடி பிடிக்கக் கூடாத கை, அவனுடைய மலச்சட்டியைக் கழுவலாமாம்! கழுவினார், தம்பி. இரவெல்லாம் மருத்துவமனையிலே அந்த ஊழியம், பகலிலே பாடம்.

பிறகு ஃபிஸ்கே என்ற அறிஞரோடு ஆய்வு. சம்மட்டி ஓங்கும் தொழிலாளியின் தசைக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? 1927-இல் ஃபாஸ்ஃபோகிரியேட்டின், 1929-இல் ஏ.டி.பி. என்று இருவரும் விடை கண்டனர். இன்று பள்ளிப் பிள்ளையும் படிக்கும் பாடம் அது! அப்படியும் ஹார்வர்டு நிரந்தர இடம் தரவில்லை.

1940-இல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அவர் நடத்திய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை ஃபோலிக் அமிலம், புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட், யானைக்காலுக்கு ஹெட்ரஸான், ஆரியோமைசின். நான்கிலே ஒன்று போதும் ஒருவன் பெயர் நிலைக்க!

1948 ஆகஸ்டிலே, 53 வயதில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த அமெரிக்காவின் குடிமகனாக அவர் கடைசிவரை ஆகவில்லை.