தூண்டிலுக்கு ஒரு தர்மம்

மீன் பிடிப்பதிலும் நியாயம், அநியாயம் என்று உண்டா? உண்டு என்று நம்பி, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதற்காகப் பாடுபட்டவர் சார்லஸ் பிரெடரிக் ஹோல்டர்.

அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தின் லின் நகரில் 1851-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை ஒரு வைத்தியர்; கடல்வாழ் உயிர்களை ஆராய்வதிலும் பெருவிருப்பம் கொண்டவர். பிளாரிடாவுக்கு அப்பால் பவளத் தீவு ஒன்றில் இருந்த ராணுவக் கோட்டையில் அவருக்கு உத்தியோகம். ஆகவே, சிறுவன் சார்லஸுக்குக் கடலே பள்ளிக்கூடம் ஆயிற்று. வளர்ந்த பின் நியூயார்க் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் சில காலம் பணி புரிந்தார். பிறகு எழுத்தைத் தொழிலாகக் கொண்டார். டார்வினின் வாழ்க்கையை நூலாக எழுதி 1891-இல் வெளியிட்டவர் அவர்.

உடல்நலம் நாடி 1885-இல் கலிபோர்னியாவுக்குக் குடியேறினார். மறு ஆண்டு, கரையிலிருந்து சுமார் இருபது மைல் தொலைவில் உள்ள சாந்தா கேட்டலீனா தீவுக்குச் சென்றார். அங்கே அவர் கண்ட காட்சி மனத்தை வருத்தியது. அவலான் விரிகுடாவில், உல்லாசப் பயணம் வந்தவர்கள் பருத்த கயிற்றுத் தூண்டில்களைப் போட்டு, பெரிய பெரிய மீன்களைக் குவியல் குவியலாக இழுத்தனர். தின்றது போக மிச்சம் வீணாயிற்று. மீனுக்குத் தப்ப வழியே இல்லை. பிடித்தவனுக்கும் திறமை வேண்டியிருக்கவில்லை.

கயிற்றுக்குப் பதில் கழியையும் மெல்லிய நூலையும் ஹோல்டர் கையில் எடுத்தார். ஆனால், அங்கே கோலா மீன்களைத் துரத்தி வரும் ராட்சதச் சூரை மீனை நூலால் பிடிக்க முடியுமா? அந்நாளில் நூல் சுற்றும் உருளையின் கைப்பிடி, மீன் ஓடும்போது தானும் எதிர்த்திசையில் வேகமாகச் சுழலும். விரல் சிக்கினால் காயம்தான். நூலின் ஓட்டத்தைத் தடுக்க இருந்தது, கட்டைவிரலால் அழுத்தும் ஒரு தோல் துண்டே.

1898 ஜூன் முதல் தேதி, அத்தகைய சூரை ஒன்று அவர் தூண்டிலைக் கவ்வியது. படகையே இழுத்துக்கொண்டு ஓடியது. மணிக்கணக்கில் நீடித்த போராட்டத்தின் முடிவில் ஹோல்டரே வென்றார். மீனின் எடை 183 ராத்தல்!

அந்தப் புகழோடு அவர் நின்றுவிடவில்லை. அதே மாதம் அவலானில் சூரை மீன் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூல் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பருமனாக இருக்கக்கூடாது. கொக்கி போட்டுத் தூக்கும் வரை பிறர் உதவியின்றி மீனைத் தானே இழுத்து வரவேண்டும். கழி முறிந்தால் மீன் கணக்கில் சேராது. இவை சங்கத்தின் விதிகள். மீனுக்கும் வெல்ல ஒரு வாய்ப்பு இருக்கவேண்டும் என்பதே இவற்றின் சாரம். கனவான்கள் பலர் முதலில் சிரமப்பட்டார்கள்; பின்னர் அந்தச் சிரமமே கௌரவம் ஆயிற்று.

எனினும், தூண்டிற்காரர்கள் மட்டும் திருந்தினால் போதுமா? தீவை ஒட்டி விரித்த வலைகள், முட்டையிட வந்த மீன்களை வாரிச் சென்றன. மீன்பிடி தொழிலாளருக்கு அது வயிற்றுப் பிழைப்பு. ஆயினும், இனமே அற்றுப்போனால் பிழைப்பும் அற்றுப்போகும் என்பது ஹோல்டரின் வாதம். சட்டம் வேண்டும் என்று இடைவிடாமல் வற்புறுத்தினார். 1913-இல் தீவைச் சுற்றி மூன்று மைல் தூரம் மீன்களின் புகலிடமாகச் சட்டப்படி காக்கப்பட்டது.

1915 அக்டோபரில், தமது அறுபத்து நான்காம் வயதில் ஹோல்டர் காலமானார். அடுத்த மாதமே அவலானில் பெருந்தீ மூண்டு, சங்கத்தின் கட்டடமும் சாம்பலாயிற்று. மறு ஆண்டே அது மீண்டும் எழுந்தது. 1939-இல் அமைந்த சர்வதேசத் தூண்டில் மீன்பிடிப்புச் சங்கத்தின் விதிகளுக்கும் அவலான் விதிகளே முன்னோடியாயின.

வல்லவனின் பெருமை வெல்வதில் மட்டும் இல்லை. எதிரிக்கும் நியாயம் செய்து வெல்வதில் இருக்கிறது. எதிரி வாயில்லாத மீனே ஆனாலும், அந்த நியாயத்தில் குறை வைக்கக்கூடாது என்பதை ஹோல்டர் வாழ்ந்து காட்டினார்.