துண்டு நிலங்களைச் சேர்த்துக் கட்டிய பட்டதாரி

நியூசிலாந்தின் 50 டாலர் நோட்டில் அச்சாகியிருப்பது ஒரு மாவோரியின் முகம். அவர் பெயர் ஆப்பிரானா ஙாட்டா. நாம் அரிச்சுவடியில் எழுதிப் பழகி, பிறகு பெரும்பாலும் மறந்துவிடும் ங என்ற எழுத்தில் அவர் பெயர் தொடங்குகிறது. மாவோரி மொழியில் அந்த ஒலி சொல்லின் முதலில் வருவது சாதாரணம்.

மாவோரிகள் அந்த நாட்டின் பூர்வகுடிகள். தங்கள் நிலத்தையும் பணத்தையும் தாங்களே நிர்வகிப்பது எப்படி என்பதைப் பல்கலைக்கழக வணிகவியல் வகுப்பில் படிக்கும் வாய்ப்பு இன்றைய மாவோரி இளைஞர்களுக்கு இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அதற்கு வகுப்பறையும் கிடையாது, பாடத்திட்டமும் கிடையாது. பட்டம் வாங்கிய ஒருவர் ஊருக்குத் திரும்பி ஆட்டுப்பட்டியிலும் பால் பண்ணையிலும் அதைச் செய்து பார்த்தார். ஙாட்டாவின் கதை அதுதான்.

அவர் பிறந்தது 1874 ஜூலை 3இல், வடக்குத் தீவின் கிழக்குக் கரையில் தே அராரோவா என்ற ஊரில். ஙாட்டி போரோ என்ற குலம். 1840இல் வைட்டாங்கி ஒப்பந்தத்தில் மாவோரித் தலைவர்கள் கையெழுத்திட்ட பிறகு வெள்ளையர் குடியேற்றம் பெருகியது. 1860களில் நிலத்துக்காகப் போர்கள் நடந்தன. அந்தப் போர்களில் ஙாட்டாவின் பெரிய உறவினரும் குலத்தின் படைத் தலைவருமான ரோப்பாட்டா வஹாவஹா அரசின் பக்கம் நின்று போரிட்டார். அரசை எதிர்த்த வைக்காட்டோ பகுதி மக்கள் லட்சக்கணக்கான ஏக்கரைப் பறிகொடுத்தார்கள். ஙாட்டி போரோ நிலம் தப்பியது. இதை மறைத்துவிட்டு ஙாட்டாவின் வெற்றியைப் பேசுவது நியாயமாகாது. கையில் நிலம் மிஞ்சியிருந்த குலத்தில் அவர் பிறந்தார்.

வயது பத்துகூட நிறையாத நிலையில், 1883இல் தே அவுட்டே என்ற உறைவிடப் பள்ளியில் அவரைச் சேர்த்தார்கள். தலைமையாசிரியர் ஜான் தார்ன்டன் ஓர் ஆங்கிலேயர். மாவோரிப் பையன்களைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்வதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கல்வி அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. மாவோரிப் பையனுக்கு விவசாயமும் கைத்தொழிலும் போதும் என்பது அவர்கள் கணக்கு. 1906இல் அரசு விசாரணைக் குழுவும் அதே திசையில் பரிந்துரை செய்தது. 1953இல் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த நம் மாநிலத்தில் இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

ஙாட்டா அந்தப் பள்ளியிலிருந்து உதவித்தொகையோடு தெற்குத் தீவில் கிறைஸ்ட்சர்ச் நகரின் கான்டர்பரி பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் போனார். 1893இல் அரசியல் பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்த முதல் மாவோரி அவர். ஆக்லாந்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தொழில் பழகியபடியே படித்து, 1896இல் சட்டப் பட்டமும் வாங்கினார்.

அப்போது அவருக்கு வயது 22. நகரத்தில் வக்கீலாக உட்கார்ந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருப்பார். ஆனால் மனைவி அரிஹியாவுடன் சொந்த ஊர்ப்பக்கம் வையோமாட்டாட்டினிக்குத் திரும்பி ஆடு வளர்ப்பில் இறங்கினார். 1896 கணக்கெடுப்பில் மாவோரிகள் சுமார் 42 ஆயிரம் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். இந்த இனம் அழிந்துகொண்டிருக்கிறது என்று வெள்ளையர்கள் வெளிப்படையாகவே எழுதிய காலம் அது. தே அவுட்டே பழைய மாணவர்கள் 1897இல் ஒரு சங்கம் அமைத்து ஊர் ஊராகச் சுகாதாரமும் குடி ஒழிப்பும் பேசினார்கள். ஙாட்டா அதன் முன்னணியில் இருந்தார். மருத்துவம் படித்த மாவுயி போமாரேயும் தே ரங்கி ஹிரோவாவும் அவருடைய தோழர்கள்.

சுகாதாரத்தைப் பேசப்போன இடத்தில் எல்லாம் கடைசியில் பேச்சு நிலத்தில் வந்து நின்றது.

மாவோரி வழக்கத்தில் நிலம் குலத்துக்குச் சொந்தம். 1865இல் வந்த சட்டப்படி அமைந்த பூர்வகுடி நில நீதிமன்றம் அதைத் தனிநபர் பெயர்களுக்கு மாற்றியது. முதலில் ஒரு நிலத்துக்குப் பத்துப் பெயர்களை மட்டும் எழுதினார்கள். அந்தப் பத்துப் பேர் விற்றுவிட்டால் ஊரே வெளியே நிற்க வேண்டியதாயிற்று. பிறகு எல்லார் பெயரையும் எழுதும் முறை வந்தது. அதிலும் வேறு தொல்லை. தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கு உண்டு. இரண்டு தலைமுறை கழிந்ததும் ஒரு நிலத்தில் நூற்றுக்கணக்கான பெயர்கள். ஓர் ஆளுக்குப் பல இடங்களில் கையகலப் பங்குகள். எதிலும் வேலி போட முடியாது, எதைக் காட்டியும் கடன் வாங்க முடியாது. கூட்டுப் பட்டாவில் பெயர் இருந்தும் வங்கி வாசலிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கடன் பிடித்த உரிமையாளரைத் தனியாகப் பார்த்துப் பேசி அவர் பங்கை மட்டும் வாங்கிவிட வெள்ளைக்காரத் தரகர்கள் காத்திருந்தார்கள். 1911 வாக்கில் நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மாவோரிகள் கையில் இருந்தது.

ஙாட்டா படித்த சட்டம் இங்கேதான் வேலைக்கு வந்தது. இரண்டு வழிகளை அவர் கையில் எடுத்தார்.

ஒன்று, நிலத்தின் உரிமையாளர்களை ஒரு நிறுவனமாகப் பதிவு செய்வது. 1894 முதலே சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. நூறு பேர் பெயரில் கிடக்கும் நிலம் ஒரு நிறுவனத்தின் நிலமாகும். நூறு பேரும் பங்குதாரர்கள் ஆவார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் குழு நிலத்தை நிர்வகிக்கும். அந்தக் குழு கடன் வாங்கலாம், வேலியும் பட்டியும் போடலாம், ஆடு வாங்கலாம், கம்பளியை விற்கலாம். லாபம் பங்கின்படி பிரியும். தனி ஆளைப் பிடித்துத் துண்டு நிலத்தை எழுதி வாங்கும் வழி அடைபட்டது. இரண்டாவது வழி, சிதறிக் கிடந்த பங்குகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே இடத்தில் நிலம் சேர்ப்பது. கேட்பதற்கு எளிது. செய்வதற்கு ஒவ்வொருவரின் வம்சாவளியும் நினைவில் இருக்க வேண்டும், எல்லாரும் சம்மதிக்கும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஙாட்டாவுக்கு இரண்டும் கைவந்தது.

இப்படி அமைந்த ஒவ்வொரு குழுவும் ஒரு தொழிற்பள்ளியாக நடந்தது என்றே சொல்லலாம். நிலத்தைத் தவிர வேறு எதையும் நிர்வகித்துப் பழகாத உழவர்கள் வரவு செலவு பார்க்கவும், மேலாளரை நியமிக்கவும், கடன் தவணையையும் கம்பளி விலையையும் கணக்கிடவும் அதில்தான் கற்றார்கள். 1912இல் ஒரு கூட்டுறவு வணிக நிறுவனம் வந்தது. இடைத்தரகரிடம் பொருள் வாங்கி அவரிடமே விளைச்சலைக் கொட்டும் நிலை மாறத் தொடங்கியது. 1925இல் ருவாட்டோரியாவில் ஙாட்டி போரோவின் கூட்டுறவுப் பால் பண்ணை வெண்ணெய் கடையத் தொடங்கியது. குலப் பெயரைச் சுருக்கி நாட்டி என்ற வணிகப் பெயரில் அந்த வெண்ணெய் சந்தைக்குப் போனது. 1920களின் நடுவில் அந்தக் குலத்திடம் இருந்த செம்மறி ஆடுகள் சுமார் இரண்டரை லட்சம்.

1905இலேயே அவர் கிழக்கு மாவோரித் தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆகிவிட்டார். தலைமை நீதிபதி ராபர்ட் ஸ்டவுட்டுடன் சேர்ந்து 1907 முதல் நாடெங்கும் மாவோரி நிலங்களை ஆய்வு செய்த ஆணையத்தில் இருந்தார். 1927இல் சர் பட்டம் கிடைத்தது. 1928இல் பூர்வகுடிகள் துறை அமைச்சரானார்.

1929 அவருக்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் மாக்காரினியும் மனைவி அரிஹியாவும் வயிற்றுக்கடுப்பு நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதே ஆண்டில்தான் அவருடைய மிகப்பெரிய வேலையும் தொடங்கியது. உரிமைச் சிக்கல்கள் தீரும்வரை காத்திராமல் மாவோரி நிலத்தில் அரசுப் பணத்தை முதலீடு செய்து பண்ணைகளை உருவாக்கும் சட்டத்தை அவர் கொண்டுவந்தார். ரோட்டோருவா அருகே ஹொரோஹொரோவில் காட்டுப் புதர் வெட்டி மேய்ச்சல் நிலம் ஆக்கினார்கள். நிலம் பறிகொடுத்த வைக்காட்டோ மக்களிடமும் திட்டம் போனது. அங்கே அதை முன்னின்று நடத்தியவர் தே புயேயா என்ற பெண் தலைவர். ஒரு காலத்தில் எதிரெதிர் அணியில் நின்ற குலங்களின் வாரிசுகள் இருவரும். உலகப் பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாமல் திண்டாடிய பலருக்கு அந்தப் பண்ணைகள் கூலி கொடுத்தன. 1933இல் சிறந்த மாவோரி உழவருக்கான அஹுவெனுவா கோப்பை தொடங்கியது. இன்றும் அது வழங்கப்படுகிறது.

இந்த இடத்தில் ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். ஆக்லாந்து பக்கம் சீனர்களும் இந்தியர்களும் நடத்திய காய்கறித் தோட்டங்களில் மாவோரிப் பெண்கள் வேலை செய்தார்கள். அதை விசாரிக்க 1929இல் அமைச்சர் ஙாட்டா ஒரு குழு அமைத்தார். அந்த ஆசியர்களைத் தாழ்ந்தவர்களாகக் கருதி, அவர்களோடு கலப்பு ஏற்பட்டால் தன் இனம் சீரழியும் என்ற கருத்தை நாடாளுமன்றத்திலேயே வெளியிட்டார். தன் மக்களை இழிவாகப் பேசியவர்களின் மொழியை அவரே எடுத்து இன்னொரு எளிய கூட்டத்தின் மீது வீசினார். அந்தத் தோட்டங்களில் குனிந்து கீரை பறித்தவர்களில் நம் நாட்டவரும் இருந்தார்கள். அவருடைய சாதனைகளைப் படிக்கும் நாம் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அவரை வீழ்த்தியது வேறொன்று. வேகம் அவர் இயல்பு. ஒரு கோப்பு துறையில் மேசை மேசையாக நகர்வதற்குள் விதைக்கும் பருவம் போய்விடும் என்று நினைத்து, விதிகளை ஒதுக்கிவிட்டு நேரடியாக உத்தரவு போட்டார். செலவுக்குச் சரியான பதிவு இல்லை. 1934இல் அரசு ஒரு விசாரணை ஆணையம் வைத்தது. அவருக்குக் கீழிருந்த ஓர் அலுவலர் பொய்க்கணக்கு கொடுத்தது வெளிப்பட்டது. ஙாட்டா விதிகளை மீறினார், சொந்தக் குலத்துக்குச் சலுகை காட்டினார் என்ற குற்றச்சாட்டுகளும் எழுந்தன. தவறிழைக்கவில்லை என்று மறுத்தாலும், துறையின் செயலுக்குத் தானே பொறுப்பு என்று ஏற்று அந்த ஆண்டே பதவி விலகினார். கணக்கு எழுத ஊர் ஊராகப் பழக்கியவர் கணக்காலேயே பதவி இழந்தார். மாவோரி அமைச்சர் என்பதால் கூடுதல் கண்ணோடு பார்த்தார்கள் என்ற எண்ணமும் அவர் மக்களிடையே இருந்தது. எனக்குத் தோன்றுவது, இரண்டிலும் உண்மை உண்டு. வேறு ஒருவருக்கு மன்னிக்கப்படும் பிழை ஒடுக்கப்பட்டவர் பதவிக்கு வரும்போது மன்னிக்கப்படுவதில்லை. ஆனால் இந்தப் பிழை நடக்காமல் இருந்திருக்கலாம் என்பதும் சரிதான்.

அவர் தொடங்கிய பண்ணைத் திட்டங்கள் நிற்கவில்லை. அடுத்து வந்த அரசும் அவற்றைத் தொடர்ந்தது.

பதவி போன பிறகு அவர் கவனம் மறுபடி பல்கலைக்கழகத்தின் பக்கம் சென்றது. தே ரங்கி ஹிரோவா அப்போது ஹவாயில் மானுடவியல் ஆய்வாளராக இருந்தார். அவரும் ஙாட்டாவும் 1925 முதல் 1950 வரை எழுதிக்கொண்ட கடிதங்களில் நிலக் கடனும் பழம்பாடலும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. பட்டப்படிப்பில் மாவோரி மொழி ஒரு பாடமாக வேண்டும் என்று ஙாட்டா 1920களிலேயே வாதாடினார். பாடம் வேண்டுமென்றால் படிக்க நூல் வேண்டும். குலங்களிடம் வாய்மொழியாக இருந்த பாடல்களைத் தேடித் தொகுத்து, 1920களின் இறுதியில் முதல் தொகுதியை வெளியிட்டார். வாழ்நாள் முழுவதும் அந்த வேலை ஓயவில்லை.

1939 மே மாதம் ஆக்லாந்துப் பல்கலைக்கழகக் கல்லூரியில் இளம் மாவோரித் தலைவர்கள் மாநாடு கூடியது. ஙாட்டாவோடு அதை நடத்தியவர் பொருளாதாரப் பேராசிரியர் ஹொராஸ் பெல்ஷா. பண்ணை வருமானம், வேலை, வீடு, உடல்நலம், கல்வி பற்றி இளைஞர்கள் பேசினார்கள். அழிந்துகொண்டிருக்கும் இனம் என்று எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழக மண்டபத்தில் உட்கார்ந்து தங்கள் பொருளாதாரத்தைத் தாங்களே விவாதித்தார்கள்.

1943 தேர்தலில், 38 ஆண்டுகளாக வைத்திருந்த தொகுதியை அவர் இழந்தார். ராட்டனா இயக்கத்தைச் சேர்ந்த இளையவர் ஒருவர் வென்றார். நிலம் இல்லாத ஏழை மாவோரிகள் பலர் அந்த இயக்கத்தின் பக்கம் திரும்பியிருந்தார்கள். ஙாட்டாவின் திட்டங்கள் அவர்களில் எல்லாரையும் எட்டியிருக்கவில்லை. 1948இல் நியூசிலாந்துப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. 1950 ஜூலை 14இல் வையோமாட்டாட்டினியில் காலமானார். ஏறக்குறைய அதே காலத்தில் ஆக்லாந்துப் பல்கலைக்கழகக் கல்லூரி மாவோரி மொழி கற்பிக்க ஒரு விரிவுரையாளரை நியமித்தது. அந்த இளைஞரின் பெயர் புரூஸ் பிக்ஸ், அவரும் மாவோரி.