இரட்டைமலை சீனிவாசனின் கோட்டு

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நிற்பவர்களின் சட்டையை வைத்து ஊரையோ சாதியையோ கண்டுபிடிக்க முடியாது. கம்பெனியின் பெயர் பொறித்த சட்டையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் எல்லோருக்கும் ஒன்றுதான். அதே இளைஞர்கள் ஏப்ரல் 14 அன்று தத்தம் குடியிருப்புகளில் வேறு தோற்றத்தில் நிற்கிறார்கள். எங்கும் நீலம். டிஜிட்டல் பேனரில் அம்பேத்கரின் அருகே கோட்டும் டையும் அணிந்த உருவங்களாக அவர்களே இருக்கிறார்கள். சித்திரை வெயிலில் கோட்டு எதற்கு என்ற கேலியை நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்தக் கேலிக்கு வயது நூறுக்கும் மேல். அதை எதிர்கொண்டு வாழ்ந்து காட்டிய முன்னோடிகளில் ஒருவர், ஒரகடத்துக்குத் தெற்கே, மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர். ஸ்ரீபெரும்புதூரும் மதுராந்தகமும் அன்று ஒரே செங்கற்பட்டு ஜில்லாவுக்குள் அடங்கியவை.

இரட்டைமலை சீனிவாசன் 1859 ஜூலை 7 அன்று பிறந்தார். சாதிக் கொடுமையும் வறுமையும் குடும்பத்தை ஊர்விட்டு ஊர் துரத்தின. கோயம்புத்தூர்க் கலாசாலையில் அவர் படித்தபோது ஏறக்குறைய 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் பார்ப்பனர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் எவரோடும் பழகாமல், வகுப்பு மணி அடிக்கும்வரை வெளியிலேயே புத்தகத்தோடு ஒதுங்கி இருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் அவர் பதிவு செய்திருக்கிறார். நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். 1887-இல் அரங்கநாயகியை மணந்தார். 1890-இல் சென்னைக்கு வந்தார்.

அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவின் நிலையை அறிய, கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் அரசுக்கு அளித்த அறிக்கை உதவும். நிலமின்றி, குடியிருக்கும் மனையும் சொந்தமின்றி, பண்ணையாரின் பிடியில் கிடந்த பறையர் மக்களைப் பற்றியது அது. 1892-இல் பிறந்த பஞ்சமி நில ஆணைக்கு அதுவே தூண்டுகோல். அதே 1891-இல் சீனிவாசன் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். இழிவின் குறியாக வீசப்பட்ட பெயரையே இதழின் நெற்றியில் ஒட்டிக்கொண்டார். மறைந்து படித்த மாணவர் இப்போது மறைக்க மறுத்தார். அவருடைய உடையைப் புரிந்துகொள்ளவும் இந்தத் திருப்பமே திறவுகோல் என்று கருதுகிறோம்.

அவ்வாண்டு டிசம்பரில், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து 112 அடி நீள மனுவில் 3,412 பேரின் கையெழுத்தைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதிகாரம் உள்ளூர் ஆதிக்கச் சாதிகளின் கைக்கே போய்ச் சேரும் என்பது அவர் கணிப்பு. தேசியவாதிகள் இதை மன்னிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்து சென்றவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். காந்திக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்றுக்கொடுத்தவர் என்றும் அறியப்படுகிறார்.

1921-இல் சீனிவாசன் தமிழகம் திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி தம் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஒத்துழையாமைப் போராட்டத்தின் கொந்தளிப்பில் கைநூற்புத் துணி என்ற பழையது புதிய நாகரிகமாக மீண்டது. பட்டும் சரிகையும் அணிந்த குடும்பங்கள் கதருக்கு மாறின. வழக்கறிஞர்கள் கோட்டைக் கழற்றினர். எந்தக் கொந்தளிப்பும் பெட்டியில் கிடக்கும் பழைய உடை ஒன்றை வெளியே எடுத்து அதற்குப் புதுப் பொருள் தரும். ஆனால் எல்லோருடைய பெட்டியிலும் ஒரே உடை இருப்பதில்லை. சேரியில் அரைத்துணி ஏற்கெனவே இருந்தது. அதைத் தியாகமாக அணிய நம் பாட்டன்மாருக்கு வழியில்லை. அது அவர்கள்மீது சுமத்தப்பட்ட விதி. பண்ணையார் வந்தால் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும், தோள்துண்டை இடுப்பில் கட்ட வேண்டும். இந்நிலையில் நம் தலைவர்கள் கோட்டைக் கழற்றியிருந்தால் அதற்கு என்ன பொருள் கிடைத்திருக்கும்?

சீனிவாசனின் படங்கள் நமக்குக் காட்டுவது தலைப்பாகை, நீண்ட கோட்டு, நரைத்த மீசை. கோட்டு ஐரோப்பியருடையது, தலைப்பாகை இந்த மண்ணுடையது, ஆனால் அவர் மக்களுக்கு மறுக்கப்பட்டது. இரண்டையும் ஒருசேர அணிந்தவரை வெறுமனே வெள்ளையரைப் போலச் செய்தவர் என்று தள்ளிவிட முடியாது. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்களை அவர் ஏற்றுக்கொண்டதைக் குறைகூறுவோர் உண்டு. விவாதிக்கத்தக்கதே. ஆயினும் அந்தக் கோட்டோடு அவர் எங்கே நின்றார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 1923-இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டவர், பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடம் ஆகியவற்றைத் தீண்டப்படாதோர் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். தெருவில் நடக்கும் உரிமையைச் சட்டமாக்க வேண்டியிருந்த காலத்தில், அத்தெருவில் எந்த உடையில் நடப்பது என்பது அற்பக் கேள்வியாக இருக்க முடியாது.

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் அம்பேத்கரும் சீனிவாசனும் சென்றனர். அங்கே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்றால் என்ன என்று வினவியதையும், தாழ்த்தப்பட்டவன் தெருவில் விழுந்து கிடந்தாலும் மேல்சாதியான் தூக்கிவிட மாட்டான் என்று தாம் விளக்கியதையும் அவர் எழுதியுள்ளார். தீண்டத்தகாதவன் என்று பொறித்த பட்டையைக் கோட்டின்மீது அணிந்து சென்றார் என்றும், மன்னர் நீட்டிய கையைத் தொட மறுத்தார் என்றும் நம் மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. மக்கள் நினைவு இந்தக் காட்சியை ஏன் இத்தனை இறுகப் பற்றியிருக்கிறது என்பதே நமக்கு முக்கியம். அந்தக் கதையில் கோட்டு சாதியை மறைக்கும் போர்வையாக இல்லை. சாதியை உலகின் முன் விரித்துக்காட்டும் பலகையாக இருக்கிறது.

மாநாடு நடந்துகொண்டிருந்த அதே 1930 டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பட்டியலிட்டுள்ளார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் ஆடை முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் போகக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியமும் கால்நடையும் சூறையாடப்பட்டன. எட்டில் ஏழு, உடலையும் உடையையும் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். லண்டனில் ஒருவர் கோட்டு அணிந்து மன்னர் முன் நிற்கிறார். இராமநாதபுரத்தில் கோட்டுக்காக வீடு எரிகிறது.

அடுத்த ஆண்டு இரண்டாம் வட்டமேசைக்குக் காந்தி அரையாடையுடனேயே சென்றார், அரண்மனைக்கும் அப்படியே போனார். உலகப் பத்திரிகைகள் வியந்தன. சீனிவாசனும் அம்பேத்கரும் கோட்டுடனேயே இருந்தார்கள். அதில் வியக்க எவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டபோது சீனிவாசனும் அதில் கையொப்பமிட்டார். மதமாற்றம் குறித்து அம்பேத்கருடன் அவர் பின்னாளில் மாறுபட்டார். உடை விஷயத்தில் மாறுபாடில்லை. 1927 மகாத் மாநாட்டில் பெண்களிடம் சாதியைக் காட்டிக்கொடுக்கும் உடுத்துமுறையையும் கனத்த மலிவு நகைகளையும் கைவிடுமாறு அம்பேத்கர் வற்புறுத்தியதும் இதே அறிவிலிருந்து வந்ததுதான்.

சீனிவாசன் 1945 செப்டம்பர் 18 அன்று காலமானார். அதன்பின் கோட்டு நம் குடும்பங்களில் கல்யாணப் புகைப்படத்தோடும் அம்பேத்கர் சிலையோடும் நின்றுபோனது. அது மீண்டும் தெருவுக்கு வந்தது மற்றொரு கொந்தளிப்புக் காலத்தில். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியிலும் அருகிலுள்ள இரு குடியிருப்புகளிலும் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அதையொட்டி, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து பிற சாதிப் பெண்களை மயக்குவதாகப் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் குற்றஞ்சாட்டினார். 1930-இன் பட்டியலில் ஜீன்ஸ் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. 2016-இல் ‘கபாலி’ திரைப்படம் கோட்டை அரசியலாகவே பேசியது. அதன்பின் கோட்டு பேனர்களை நிரப்பியதை நாம் கண்டோம்.

இதே காலத்தில் இன்னொரு பழமையும் திரும்பி வந்திருக்கிறது. ரவிக்கையின்றிக் கண்டாங்கிச் சேலை சுற்றி, பாட்டி காலத்துத் தோற்றத்தில் படமெடுத்துக்கொள்வது சமூக ஊடகங்களில் பாணியாகியுள்ளது. அழகாகவே இருக்கிறது, எவரையும் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் ரவிக்கைக்காக அடிபட்ட பாட்டிகளின் பேத்திகள், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் செல்பேசி பூட்டும் பெண்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் படத்தில் தெரிவது வேறு. விடுதி அறையில் சம்பள நாளுக்குப் பின் அவர்கள் வாங்கிவைக்கும் புதுச் சுடிதாருக்கும், அவர்கள் தம்பிகள் தவணையில் வாங்கும் கோட்டுக்கும் ஆடம்பரம் என்று பெயர் சூட்டுவோர், அந்த 1930-ஆம் ஆண்டுப் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

சீனிவாசனின் மணிமண்டபம் சென்னை கிண்டியில், காந்தி மண்டப வளாகத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அவருக்கு 2000-இல் அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. அதிலும் தலைப்பாகையும் கோட்டும்தான்.