செடி வைத்தியர் கார்வர்

அமெரிக்க நாட்டு மிசூரி மாநிலத்தில், டயமண்ட் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில் ஏறத்தாழ 1864ஆம் ஆண்டில் ஜார்ஜ் பிறந்தார். ஆண்டைத் திட்டமாகக் கூறுவதற்கில்லை. அடிமைப் பெண்ணின் பிள்ளைக்குப் பிறந்த நாள் குறித்து வைப்பார் எவருமில்லை. கைக்குழந்தையாக இருக்கையிலேயே கொள்ளையர் கூட்டமொன்று தாயையும் சேயையும் தூக்கிச் சென்றது. பண்ணைக்காரர் மோசஸ் கார்வர் ஆள் அனுப்பித் தேடியதில் குழந்தை மட்டுமே கிடைத்தது. மீட்டு வந்தவருக்கு ஒரு குதிரை கூலியாகத் தரப்பட்டது. தாய் மேரி திரும்பி வரவேயில்லை.

அடிமை முறை ஒழிந்த பின்னர் மோசஸ் தம்பதியர் அவரைத் தம் வீட்டிலேயே வளர்த்தனர். நோஞ்சான் பிள்ளையாதலால் வயல் வேலைக்கு அனுப்பாமல் சமையல், சலவை, தையல், நூற்பின்னல் ஆகியவற்றை அவ்வம்மையார் கற்பித்தார். ஓய்ந்த நேரமெல்லாம் சிறுவர் காட்டிலேதான் இருப்பார். ஒவ்வொரு கல்லுக்கும் பூவுக்கும் பூச்சிக்கும் பெயர் என்ன, ஏன் இந்த நிறம், ஏன் இது வாடுகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். புதருக்குள் மறைவாக ஒரு தோட்டம் போட்டு, நோயுற்ற செடிகளைக் கொணர்ந்து நட்டுத் தேற்றினார். அண்டை அயலார் அவரைச் செடி வைத்தியர் என்றழைக்கத் தொடங்கினர். பத்து வயதளவில் கிறிஸ்துவின்பால் உள்ளம் திரும்பிற்று. அன்று தொட்டு அவருக்குச் செபம் வேறு, செடியை ஆராய்வது வேறு அன்று. படைத்தவரையே கேட்டால் படைப்பின் காரணம் விளங்காதா என்னும் பிள்ளைத்தனமான நம்பிக்கை அது. முதுமையிலும் அஃது அவரை விட்டகலவில்லை.

ஊர்ப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. எட்டு மைலுக்கு அப்பால் நியோஷோவில் அவர்களுக்கென ஒரு பள்ளி இருந்தது. சிறுவர் தனியே அங்குச் சென்றார். அவருக்கு இடமளித்த மரியா வாட்கின்ஸ் என்னும் அம்மையார் பெயர் கேட்டபோது, தாம் கார்வருடைய ஜார்ஜ் என்றாராம். ஒருவருடைய உடைமை போல் இனிச் சொல்லாதே, உன் பெயர் ஜார்ஜ் கார்வர் என்று அவ்வம்மையார் திருத்தினார். சலவைத் தொழில் செய்து பிழைத்த அவரே சிறுவருக்கு ஒரு வேதாகமத்தையும் அளித்தார். நம் பிள்ளைகளை இன்னாருடைய ஆள் மகன் என்று பிறர் அழைத்த காலத்தை அறிந்த நாம், இந்நிகழ்ச்சியை எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

பின்னர்க் கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராய் அலைந்து படித்தார். 1879இல் போர்ட் ஸ்காட் நகரில் கறுப்பர் ஒருவரை வெறிக்கும்பல் கொன்றதைக் கண்டு அவ்வூரை விட்டு ஓடினார். 1885இல் ஹைலண்ட் கல்லூரி அவருக்கு அனுமதி வழங்கியது. நேரில் சென்று நின்றதும், நிறத்தைக் கண்டு கதவடைத்தது. அது கிறிஸ்தவத் திருச்சபையைச் சார்ந்த கல்லூரி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கார்வர் கல்லூரியை நம்பியிருந்தவர் அல்லர், கிறிஸ்துவை நம்பியவர். ஆகவே விசுவாசம் குலையவில்லை. ஆயினும் மீண்டும் ஒரு கல்லூரி வாயிலில் நிற்க அவருக்கு ஐந்தாண்டுகள் பிடித்தன.

1890இல் அயோவா மாநிலத்துச் சிம்ப்சன் கல்லூரியில் சேர்ந்து, சலவை செய்து பிழைத்துக்கொண்டே ஓவியமும் இசையும் பயின்றார். பூக்களைத் தீட்டுவதும் நூல் பின்னுவதும் ஆண்மகனுக்குத் தகுமா என்று நகைப்போர் எங்கும் உண்டு. அவர் அவற்றைக் கைவிடவில்லை. அவருடைய ஓவியம் 1893ஆம் ஆண்டுச் சிகாகோ உலகப் பொருட்காட்சியில் பாராட்டுப் பெற்றது. செடிகளில் அவர் காட்டிய நாட்டத்தைக் கண்ட ஓவிய ஆசிரியை எட்டா பட்தான் அவரை வேளாண்மைக் கல்லூரிக்குத் திருப்பி விட்டவர். (கேள்வி கேட்கும் மாணவனைப் பேசாதிரு என்று அமர்த்தியவர்களுள் நாமும் ஒருவர். அந்த ஆசிரியையை எண்ணும்போது நமக்கு நாணமாகவே இருக்கிறது.) ஏம்ஸ் நகரக் கல்லூரியில் 1891இல் சேர்ந்த முதற் கறுப்பின மாணவர் அவரே. தொடக்கத்தில் ஏனைய மாணவரோடு அமர்ந்துண்ண அவருக்கு அனுமதியில்லை. 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

அவ்வாண்டே புக்கர் வாஷிங்டன் அழைப்பை ஏற்று அலபாமாவின் டஸ்கெகீ நிறுவனத்துக்குச் சென்று, இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். பருத்தி பயிரிட்டே வளமிழந்த மண்ணில் காராமணி, நிலக்கடலை, சர்க்கரைவள்ளி ஆகியவற்றை மாற்றிப் பயிரிடுமாறு ஏழைக் குடியானவர்களுக்குக் கற்பித்தார். 1906 முதல் வண்டியொன்று ஊர் ஊராகச் சென்று வேளாண்மை கற்பித்தது. நிலக்கடலையைச் சமைக்க 105 வழிகளைக் கூறும் சிறு நூலை 1916இல் வெளியிட்டார். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பலரும் எழுதுகின்றனர். அது தவறு. 1924இல் நியூயார்க்கில் ஒரு திருச்சபையில் பேசுகையில், ஆராய்ச்சியில் தமக்கு வழிகாட்டுபவர் கடவுளே என்றார். அறிவியலார் இவ்வாறு பேசலாமோ என்று அந்நகர்ப் பெரும் நாளேடொன்று இடித்துரைத்தது. தாம் கற்ற நூல்களையும் ஆசிரியர்களையும் குறிப்பிட்டு மறுமொழி எழுதினார். தம் விசுவாசத்தை மட்டும் திரும்பப் பெறவில்லை.

சட்டையில் பூவொன்றைச் செருகிக்கொண்டு, பழைய உடையிலேயே திரிந்த அவர், சேமித்த ஏறத்தாழ 60,000 டாலரையும் இளையோரின் ஆராய்ச்சிக்கென நிறுவிய அறக்கட்டளைக்குக் கொடுத்தார். 1943 ஜனவரி 5ஆம் நாள் மறைந்தார். புக்கர் வாஷிங்டன் கல்லறையின் அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர்.