நெளிந்த வட்டத்தை நிமிர்த்திய லாம்டன்

நிலத்தை அளந்தவர் பலர். நிலவுலகின் வளைவையே அளக்கத் துணிந்தவர் சிலர். அச்சிலருள் ஒருவர் வில்லியம் லாம்டன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்து, கணிதத்தையே ஏணியாகக் கொண்டு உயர்ந்தவர். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய எனக்கு அவர்பால் ஈடுபாடு பிறந்ததில் வியப்பில்லை!

படை அதிகாரியாக இந்தியா வந்த அவர், 1799இல் சீரங்கப்பட்டணப் போரில் பங்கேற்றார். 1802இல் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். 57 நாள்கள் ஆயின. அதன்பின் தொலைநோக்கியைச் சுழற்றிக் கோணம் கண்டு, முக்கோணக் கணக்கால் தூரங்களைக் கண்டறிந்தார். இதற்கு உதவிய தியோடலைட் கருவியின் எடை அரை டன். அதன் வட்டத்தின் விட்டம் 36 அங்குலம்.

ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு விகலை எனப்படும். அவ்வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலைக்குரிய இடம், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 450இல் ஒரு பங்குதான். ஆனால் 100 கிலோமீட்டருக்கு அப்பால் அது அரை மீட்டர் பிழையாக வளர்ந்துவிடும். ஆகவே அச்சு ஆடலாகாது, வட்டம் நெளியலாகாது, சுழலும் இடத்தில் தூசி புகலாகாது. உப்புக்காற்றும் மணலும் கப்பியின் அச்சை என்ன பாடு படுத்தும் என்பதை வேம்பார்க் கடற்கரையில் வளர்ந்த நான் அறிவேன்.

1808இல் பேரிடி விழுந்தது. மலைகளற்ற தஞ்சைச் சமவெளியில், பெரிய கோயிலின் மேல் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, வட்டம் நெளிந்தது. புதியதை வரவழைக்கக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டிய காலம் அது!

லாம்டன் சோர்ந்துவிடவில்லை. திருச்சிராப்பள்ளியில் கூடாரம் ஒன்றினுள் தலைமைக் கைவினைஞரோடு அமர்ந்து, கருவியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். பெரிய பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, நெளிந்த விளிம்பை மெல்ல மெல்ல அதற்குள் பொருத்தினார். வளைந்த ஆரைச் சட்டங்களைச் சிறு மரச் சுத்தியலால் தட்டி நேராக்கினார். ஆறு வாரங்களில் வட்டம் ஏறக்குறைய பழைய நிலையை அடைந்தது. அளவைப் பணி குமரி முனைவரை நீண்டது.

1823இல் இங்கன்காட்டில், பணியிடையே அவர் உயிர் பிரிந்தது. இன்று லேசர் ஒளி நொடிப்பொழுதில் தூரம் சொல்கிறது. ஆயினும் அது சுழன்று அளக்க வேண்டுமெனில், ஆடாத அச்சும் தூசி புகாத உறையும் வேண்டும். நண்பர்களே, ஆய்வுக்கூடத்துக் கருவி பழுதானால் ஒதுக்கிவிடாமல், அதைக் கழற்றிப் பார்க்கும் பொறுமையை லாம்டனிடம் கற்போம்!